கடலுக்குப் போன டெப்பும் வீட்டிலயே நிண்ட புள்ளியும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கட பத்திரிகையில தொழில்நுட்பப் பக்கத்தில ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்தது, டெப்லெட் எப்படி தான் நிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்குது எண்டு. மொத்தமே ஆறு வரி. எல்லா டெப்லெட்டும் செய்மதியோட தொடர்பு கொண்டு இடத்தை அறியுது எண்டு போட்டு முடிச்சிருந்தீங்க. ஐயா கோவிக்கக் கூடாது, அந்த ஒரு வரிக்குள்ள ரெண்டு பிழை கிடக்கு. எல்லா டெப்பாலயும் செய்மதியைப் பிடிக்க ஏலாது, இது ஒண்டு. பிடிக்கிற டெப்பும் செய்மதியோட ஒரு தொடர்பும் கொள்ளுறதில்ல, கீழ இருந்து சும்மா கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவு தான், இது மற்றது. இதை எழுதாம விடுவம் எண்டு தான் ரெண்டு நாள் இருந்தன், ஆனா இந்த ஒரு பிழையான எண்ணத்தால என்ட மருமகன் (தங்கச்சி மகன்) கடலில நிண்டு முழிச்ச கதை ஒண்டு இருக்கு, அதால எழுதுறன்.

நான் பெரிய படிப்புப் படிச்ச ஆள் இல்ல. நில அளவையில சங்கிலி பிடிக்கிறதில தொடங்கி கோணம் அளக்கிற தியோடலைட்டின்ட முக்காலியைத் தோளில போட்டுக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்தது வரைக்கும் 30 வருஷம் வேலை செஞ்சு பென்சன் எடுத்தவன். அந்த வேலையின்ட கெட்ட பழக்கம் ஒண்டு இன்னும் என்னை விட்டுப் போகல்ல, ஆராவது "இந்தப் புள்ளி இங்க தான் நிக்குது" எண்டு சொன்னா "எதில இருந்து அளந்தது" எண்டு கேக்காம இருக்க மாட்டன். மனுசிக்கு இது பெரிய கரைச்சல்.

முதல்ல வீட்டில நடந்ததைச் சொல்லுறன். மகள் கொழும்பு வெள்ளவத்தையில இருந்த வாடகை வீட்டை விட்டிட்டு சித்திரை வருஷத்தோட திருகோணமலை உவர்மலைக்கு எங்களிட்டயே வந்திட்டா, வரும்போது சாமானோட சாமானா வைபை ரவுட்டரும் வந்தது, பேரனின்ட ஐபேட்டும் வந்தது. ஐபேட் சிம் போடாத வகை, வைபை மட்டும். ரவுட்டரைப் பின் அறையில பூட்டினம். அண்டைக்குப் பின்னேரம் பேரன் ஓடி வந்து "அம்மப்பா நாங்க இன்னும் வெள்ளவத்தையில தான் இருக்கிறமாம்" எண்டு மேப்பைக் காட்டுறான். பாத்தா உண்மை தான், நீலப் புள்ளி அவங்கட பழைய ஒழுங்கையில, பழைய வீட்டுக்கு மேலயே குந்திக்கொண்டிருக்கு. வெளியில இங்க வெயில் கொளுத்துது, டெப்பில மழை முகில் படம். சரி, எண்டு டெப்பைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்கு வந்தன், கொஞ்ச நேரத்தால புள்ளி ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சு திருகோணமலைக்கு வந்திட்டுது. திரும்பப் பின் அறைக்குப் போனா திரும்ப வெள்ளவத்தை. நேர்கோட்டில 230 கிலோமீற்றருக்கு மேல தூரம், எனக்கு இருவது எட்டு நடை. பஸ்ஸில போறவங்கள் இதைக் கேட்டா அழுவாங்கள்.

எனக்குச் சந்தேகம் வந்திட்டுது, இது செய்மதியைப் பாத்துச் சொல்லுற இடம் இல்ல எண்டு. செய்மதிக்கு என்ட பின் அறையும் விறாந்தையும் ஒண்டு தான். பிறகு மகளோட இருந்து வாசிச்சு, கேட்டு, செஞ்சு பாத்து விளங்கிக்கொண்டது இது தான்.

வைபை ரவுட்டர் ஒவ்வொண்டுக்கும் கம்பெனியிலயே குத்தி விட்ட ஒரு நம்பர் இருக்கு, மேக் அட்ரஸ் எண்டுறது. ரவுட்டர் சும்மா இருக்கிற நேரமும் அந்த நம்பரை செக்கனுக்குப் பத்துத் தரம் போல கூவிக்கொண்டே இருக்கும், பாஸ்வேர்ட் தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாருக்கும் அது கேக்கும். இப்ப ஜிபிஎஸ், அதாவது செய்மதி சொல்லுறதைக் கேட்டு இடம் கண்டுபிடிக்கிற சாமான், உள்ள போன் ஒண்டைப் பொக்கெற்றில வச்சுக்கொண்டு ஒரு ஆள் உங்கட வீட்டு வாசலால போறார் எண்டு வையுங்க, அந்தப் போனுக்குத் தான் நிக்கிற இடம் தெரியும், உங்கட ரவுட்டரின்ட கூவலும் கேக்கும், "இந்த நம்பர் இந்த இடத்தில கேட்டது" எண்டு அது ஆப்பிளுக்கோ கூகுளுக்கோ சொல்லி விடும். இப்படி ஊருலகத்தில உள்ள போன் எல்லாம் கூலி இல்லாமச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த பெரிய பட்டியல் ஒண்டு அவங்களிட்ட இருக்கு. ஜிபிஎஸ் இல்லாத டெப் செய்யிறது என்னெண்டா, தனக்கு இப்ப கேக்கிற நம்பருகளை இன்டர்நெட்டால அனுப்பி இதெல்லாம் எங்க இருக்கிற ரவுட்டர் எண்டு கேக்கும், பதிலை வச்சுத் தன்ட இடத்தைக் கணிக்கும். ரவுட்டரோட கனெக்ட் பண்ணியிருக்க வேணும் எண்டே இல்ல, சத்தம் கேட்டாக் காணும்.

எங்கட பின் அறை மலைச் சரிவுப் பக்கம், அங்க மகளின்ட ரவுட்டரைத் தவிர வேற ஒண்டும் கேக்காது, அந்த ரவுட்டருக்குப் பட்டியலில இன்னும் பழைய விலாசம் தான். விறாந்தைக்கு வந்தா பக்கத்து வீட்டு, முன் வீட்டு ரவுட்டர் நாலஞ்சு கேக்குது, அதுகள் எல்லாம் எப்பவும் உவர்மலைக்காரர், கூட்டத்தின்ட சொல்லு எடுபட்டிட்டுது. நாங்க ஒண்டும் செய்யாமலே சில கிழமையில பின் அறையும் தானாச் சரி வந்தது, எங்கட வீட்டுப் போனுகளே அந்த ரவுட்டர் இடம் மாறின கதையைச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

(இதில எனக்குப் பிடிக்காத பக்கமும் இருக்கு. ஆரைக் கேட்டு என்ட வீட்டு ரவுட்டரைப் பட்டியலில போட்டாங்கள்? 2010இல கூகுளின்ட படம் எடுக்கிற கார் வைபை நம்பரோட நிக்காம பூட்டில்லாத வைபையில போன தரவையும் சேர்த்து எடுத்திட்டுது எண்டு அவங்களே ஒத்துக்கொண்டு பெரிய பிரச்சினை ஆனது. வேண்டாம் எண்டுறவங்க தங்கட வைபைப் பேரின்ட கடைசியில அடிக்கோடு ஒண்டு போட்டு நோமேப் (_nomap) எண்டு ஆங்கிலத்தில சேர்த்து எழுதினா கூகுள் அதை எடுக்காது. நான் போடல்ல, பேரனுக்கு மேப் வேலை செய்ய வேணுமாம்.)

இனி கடல். என்ட தங்கச்சி மகன் உப்புவெளியில பைபர் போட் வச்சிருக்கிறான், சீசனுக்கு வெள்ளைக்காரரை ஏத்திக்கொண்டு புறாத்தீவுக்கும் ஆழத்துப் பக்கம் திமிங்கிலம் காட்டவும் போற வேலை. திமிங்கிலம் எந்தப் பக்கம் ஊதுது எண்டு மேப்பில குறிச்சு வச்சா அடுத்த நாளைக்கு உதவும் எண்டு அவனுக்கு ஒரு யோசனை, போன் திரை சின்னன், வெயிலுக்குத் தெரியுதில்ல, "மாமா அந்தப் பெரிய டெப்பை ஒரு நாளைக்குத் தாங்கோவன்" எண்டு கேட்டான். பேரனிட்ட ஐஸ்கிரீம் லஞ்சம் குடுத்து வாங்கிக் குடுத்தது நான். அந்த டெப்பை வாங்கின நேரம் கொழும்புக் கடைக்காரர் மகளிட்ட லொகேஷன், மேப் எல்லாம் இருக்கு எண்டு சொல்லித் தான் வித்தவர், பொய் சொன்னார் எண்டு நான் சொல்ல மாட்டன், கடைக்குள்ள வச்சுத் திறந்தா மேப் சரியாத் தான் காட்டும், சுத்தி அவ்வளவு ரவுட்டர் இருக்கே.

விடியப்புறம் நானும் போட்டில ஏறினன். கரையில நிக்கும்போது புள்ளி நல்ல வடிவா நிண்டது, ஹோட்டல் வரிசையில உள்ள வைபை எல்லாம் கேக்குது தானே. மருமகன் தன்ட போனில ஹொட்ஸ்பொட் போட்டு டெப்புக்கு இன்டர்நெட் குடுத்தான். எஞ்சின் போட்டு வெளிக்கிட்டு கொஞ்சத் தூரம் போனதும் புள்ளி நிண்டிட்டுது. நாங்க போறம், அது வரல்ல. புள்ளியைச் சுத்தி வெளிறின நீல வட்டம் ஒண்டு வந்து பெரிசாகிப் பெரிசாகி அரைவாசி உப்புவெளியையும் மூடுது. அந்த வட்டம் தான் ஐயா டெப் தன்ட வாயால சொல்லுற உண்மை, "இதுக்குள்ள எங்கயோ நிக்கிறன், எங்க எண்டு கேக்காதீங்க" எண்டு. அதை ஒருத்தரும் பாக்கிறதில்ல, நடுவில உள்ள புள்ளியைத் தான் நம்புறது. மருமகன் டெப்பைத் தட்டுறான், லொகேஷனை ஓப் பண்ணி ஓன் பண்ணுறான், தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கிறான், செய்மதிக்குக் கிட்ட காட்டினாப் பிடிக்குமாம்! வந்திருந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஒண்டு சிரிச்சுப் போட்டுது. வைபைப் பக்கத்தால கடலுக்குள்ள கேக்கிறதுக்கு ஒரு ரவுட்டரும் இல்ல, டெப்புக்குள்ள செய்மதியைக் கேக்கிற ஜிபிஎஸ் சாமானும் இல்ல, பிறகு அது எதை வச்சுச் சொல்லும்? கூகுளில எதையோ தேடினான், பக்கத்தின்ட அடியில மேல் மாகாணம் எண்டு கிடந்தது. அது ஐபி நம்பரை, இன்டர்நெட் இணைப்புக்குக் குடுக்கிற நம்பரை, பாத்துச் சொல்லுறது, எங்கட இன்டர்நெட் எல்லாம் கொழும்பால சுத்தித் தானே போகுது, நாங்க நடுக்கடலில நிண்டாலும் அதுக்குக் கொழும்பு.

வெயில் ஏற ஏற கரைப்பக்கம் புகார் மாதிரி மங்கிப் போச்சு. பயப்பிடுற அளவுக்கு ஒண்டும் இல்ல, தெற்கால கோணேசர் மலை கறுப்பா நிண்டது. மருமகனின்ட தகப்பன் காலத்தில இருந்தே அந்த மலையையும் கரையில உள்ள ஒரு உயரத்தையும் ஒண்டோட ஒண்டு நேர் பிடிச்சு இடம் சொல்லுறவங்கள், வலை போட்ட இடத்துக்கு அடுத்த நாள் இருட்டில போய் நிப்பாங்கள். தெரிஞ்ச ரெண்டு இடம், ஒவ்வொண்டில இருந்தும் ஒரு கோடு, கோடு வெட்டுற இடத்தில நீ நிக்கிறாய், நாங்க நில அளவையில முக்கோண அளவை எண்டு செஞ்சதும் இதே தான், தியோடலைட்டால செஞ்சம் அவ்வளவு தான் வித்தியாசம். எங்கட ஊர் பேரிலயே கோணம் கிடக்கு எண்டு எங்கட பழைய சேர் ஒருத்தர் பகிடிக்குச் சொல்லுவார்.

அப்ப தான் எனக்கு உறைச்சது, மருமகனின்ட பொக்கெற்றில கிடக்கிற போன்! அது விலை குறைஞ்ச போன் தான், ஆனா அதுக்குள்ள ஜிபிஎஸ் இருக்கு. முழுப் பாதையும் அதைப் பொலித்தீன் பையில சுத்தி டெப்புக்கு இன்டர்நெட் குடுக்கிற கூலி வேலைக்கு வச்சுக்கொண்டு, இடம் தெரியல்ல எண்டு ரெண்டு பேரும் அந்தரப்பட்டிருக்கிறம். வெளிய எடுத்தம், அதுக்குள்ள சிக்னல் கோடும் போயிட்டுது, டேட்டா இல்ல. "இனி இதுவும் வேலை செய்யாது மாமா" எண்டான். பொறுடா எண்டு மேப்பைத் திறந்தன். திரை முழுக்க வெள்ளை, கரையும் இல்ல றோட்டும் இல்ல, அந்த வெள்ளைக்கு நடுவில நீலப் புள்ளி எங்களோட சேர்ந்து மெல்ல மெல்ல நகருது. மேப்பை முதலே இறக்கி வைக்காததால படம் தான் இல்ல, இடம் இருக்கு. ரெண்டும் வேற வேற சாமான் எண்டு எங்கட ஆக்களுக்கு விளங்கிறதில்ல, டேட்டா முடிஞ்சா ஜிபிஎஸ்ஸும் முடிஞ்சுது எண்டு தான் நினைப்பு. வீட்டில வைபை இருக்கும்போதே திருகோணமலைப் பக்கத்து மேப்பை இறக்கி வச்சிருந்தா நீலப் புள்ளிக்குக் கீழ கரையும் தெரிஞ்சிருக்கும்.

அந்தப் போன் செஞ்ச வேலையை ஒருக்காச் சொல்லத்தான் வேணும், ஏனெண்டா உங்கட பெட்டிச் செய்தியின்ட ரெண்டாவது பிழை அங்க தான். அமெரிக்காவின்ட ஜிபிஎஸ் செய்மதி 30 போல ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில நாளுக்கு ரெண்டு தரம் பூமியைச் சுத்துது. முதல் செய்மதி ஏத்தினது 1978இல. ஒவ்வொண்டுக்குள்ளயும் மிச்சம் துல்லியமா ஓடுற அணுக் கடிகாரம் இருக்கு, "நான் இன்ன செய்மதி, இப்ப நான் இங்க நிக்கிறன், என்ட மணி இவ்வளவு" எண்டு அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும். போன் அதைக் கேக்கும், ஒண்டும் திருப்பிச் சொல்லாது, செய்மதிக்கு எங்கட மருமகன் எண்டு ஒருத்தன் இருக்கிறதே தெரியாது. மின்னல் அடிச்சு இடி முழங்க எத்தின செக்கன் எடுக்குது எண்டு எண்ணி, மூண்டு செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் எண்டு தூரம் பாக்கிறம் தானே, அதே கணக்கு, சத்தத்துக்குப் பதிலா றேடியோ அலை. அங்க இருந்து இங்க வர 0.1 செக்கன் கூட எடுக்காது. கோணேசர் மலைக் கணக்கில நாங்க பாத்தது திசை, இதில பாக்கிறது தூரம்.

மூண்டு செய்மதித் தூரம் கிடைச்சா இடம் வந்திடும் எண்டு தான் நானும் நினைச்சன். ஆனா நாலு வேணும். ஏனெண்டா போனுக்குள்ள இருக்கிறது அணுக் கடிகாரம் இல்ல, மலிவான கடிகாரம், ஒரு செக்கனைப் பத்து லட்சமாப் பிரிச்சு அதில ஒரு பங்கு பிழைச்சாலே இடம் 300 மீற்றர் பிழைக்கும். நாலாவது செய்மதியை வச்சுத் தான் போன் தன்ட மணியையே திருத்துது. இதில இன்னொரு விசேசம், அவ்வளவு உயரத்தில ஈர்ப்புக் குறைவு எண்டதால ஐன்ஸ்டைன் சொன்னபடி அங்க மணி கொஞ்சம் வேகமா ஓடும், செய்மதி ஓடுற வேகத்தால கொஞ்சம் மெதுவாகும், கூட்டிக் கழிச்சா ஒரு நாளைக்கு 38 மைக்ரோசெக்கன் முந்தும், அதை விட்டா நாளுக்கு 10 கிலோமீற்றருக்கு மேல இடம் பிழைக்கும் எண்டதால ஏத்த முதலே கடிகாரத்தை அந்த அளவுக்கு மெதுவாக்கித் தான் விடுறாங்களாம். உப்புவெளி போட்டுக்காரனின்ட பொக்கெற்றில ஐன்ஸ்டைன். நான் சங்கிலி பிடிச்ச காலத்தில 66 அடிச் சங்கிலி வெயிலுக்கு நீளும் எண்டு திருத்தம் போடுவம், அது ஞாபகம் வந்தது.

திறந்த வானத்துக்குக் கீழ இப்ப போனால 5 மீற்றர் அளவுக்குச் சரியாச் சொல்ல ஏலும். 2000ஆம் ஆண்டு மே மாசம் வரைக்கும் அமெரிக்காக்காரன் பொதுசனத்துக்கு வாற சிக்னலில வேணும் எண்டே பிழை கலந்து விட்டவன், 100 மீற்றர் வரைக்கும் தள்ளிக் காட்டும், பிறகு தான் அதை நிப்பாட்டினது. இப்ப ரஷ்யாவின்ட குளோனாஸ், ஐரோப்பாவின்ட கலிலியோ, சீனாவின்ட பெய்டோ எண்டு வேற கூட்டங்களும் மேல இருக்கு, புதுப் போனுகள் எல்லாத்தையும் சேர்த்துக் கேக்குது. வீட்டுக்குள்ள, பிளேட் போட்ட கூரைக்குக் கீழ பிடிக்காததுக்குக் காரணம் சிக்னல் கீழ வரும்போது சரியான பலவீனம், கூரை அதையும் குடிச்சிடும்.

இன்னொண்டு, கன காலத்துக்குப் பிறகு ஜிபிஎஸ் போட்டா சுணங்கும், உடைஞ்சு போச்சு எண்டு நினைக்கக் கூடாது. எந்தச் செய்மதி எங்க நிக்கும் எண்ட விபரத்தைச் செய்மதியே தான் சொல்லும், அதுவும் செக்கனுக்கு 50 பிற் எண்ட ஆமை வேகத்தில, முழுப் பட்டியலும் வர பன்னெண்டரை நிமிசம் ஆகும். டேட்டா இருந்தா அதை இன்டர்நெட்டால டக்கெண்டு எடுத்திடும், அது தான் ஏ-ஜிபிஎஸ் எண்டு பெட்டியில போட்டிருக்கிறது. கடலுக்குப் போற ஆக்கள் கரையிலயே ஒருக்காத் திறந்து புள்ளி விழுந்த பிறகு வெளிக்கிடுறது நல்லம்.

இனி வாங்கப் போற ஆக்களுக்கு. ஐபேட் எண்டா கணக்கு லேசு, சிம் வகையில ஜிபிஎஸ் இருக்கும், வைபை மட்டும் உள்ளதில இருக்காது, 2010இல வந்த முதல் ஐபேட்டில இருந்தே இப்படித் தான். சிம் வகையில சிம் போடாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு டெப்பில அப்படிச் சட்டம் இல்ல, சிம் இல்லாத சிலதில ஜிபிஎஸ் இருக்கு, சிலதில இல்ல, மாடலுக்கு மாடல் வித்தியாசம், பெட்டியிலயோ கம்பெனியின்ட விபரத்திலயோ ஜிபிஎஸ் எண்ட சொல்லு எழுத்தில இருக்கா எண்டு பாக்கோணும், "லொகேஷன்" எண்டு இருந்தாக் காணாது. பழசு வாங்கிற ஆக்கள் வைபையை ஓப் பண்ணிப் போட்டு டச் பே பீச் மாதிரி வெளியான இடத்தில கொண்டு போய் ஒரு நூறு மீற்றர் நடந்து பாருங்க, புள்ளி கூட வந்தா இருக்கு, வராட்டி இல்ல. ஏற்கனவே ஜிபிஎஸ் இல்லாததை வாங்கிப் போட்டிருந்தா ப்ளூடூத்தால இணைக்கிற தனி ஜிபிஎஸ் குட்டிப் பெட்டி விக்குது, காசு தான் கூட.

ஆசிரியர் ஐயா, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில ஒரு திருத்தம் போடுங்க, பெரிசா வேண்டாம், அதே ஆறு வரி காணும். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம், மூதூர்ப் பக்கம் கடலுக்கும் காட்டுக்கும் போற பொடியன்மார் இப்ப டெப் வாங்கத் தொடங்கியிருக்கிறாங்கள், கடைத்தெருவில வச்சு நல்லா வேலை செஞ்சது எண்டு நம்பிக் கொண்டு போறாங்கள், உங்கட பேப்பரை வாசிக்கிற ஆக்கள் தான் அவங்கட தகப்பன்மார்.

எங்கட வீட்டு ஐபேட் திரும்பப் பேரனிட்டயே போயிட்டுது, கார்ட்டூன் பாக்கிறான். மருமகன் ஜிபிஎஸ் உள்ள பழைய டெப் ஒண்டு தேடித் திரியிறான். பின் அறைக்கு வீட்டில இப்ப வெள்ளவத்தை எண்டு தான் பேர், "அம்மம்மா வெள்ளவத்தையில படுத்திருக்கிறா" எண்டு பேரன் நேற்றும் ஒரு ஆளுக்குப் போனில சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படிக்கு,
பென்சன்கார வாசகன்,
உவர்மலை, திருகோணமலை.